சுரத்தை வளர்க்கும் பெடல்

ஆடி, சித்திரை என்று திருவிழா மாதங்கள் வந்துவிட்டால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வட்டாரத்தில் ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. சினிமாவில் ஒரு கூட்டம் வயலின்காரர்கள் சேர்ந்து வாசித்த முன்னிசையை மேடையில் ஒரே ஒரு கீபோர்டுக்காரர் வாசித்தாக வேண்டும். நல்ல வாசிப்பாளர்கள்தான். சுரம் பிசகாது, தாளம் தப்பாது. ஆனாலும் அந்த ஸ்ட்ரிங்ஸ் பல நேரம் சப்பென்று இருக்கும். 'கேசட்டில் கேட்ட மாதிரி இல்லையே' என்று முன்வரிசையில் யாராவது முணுமுணுப்பார்கள்.

குறை விரலில் இல்லை, கட்டையில் இருக்கிறது. கீபோர்டின் கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோம் என்பதை வைத்துச் சத்தத்தின் அளவைக் கருவி முடிவு செய்துவிடும். முடிவு செய்தது செய்ததுதான். வயலின்காரர் ஒரே வில் இழுப்பில் சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மறுபடி தேய்த்து முடிப்பார். நாகஸ்வரக்காரர் அதையே மூச்சால் செய்வார். கீபோர்டில் அழுத்திய விரலுக்குப் பிடித்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. விலை கூடிய சில மாடல்களில் அழுத்திய கட்டையை மேலும் அழுத்தி ஏதாவது செய்யலாம். அது எல்லோர் கைக்கும் எட்டுவதல்ல. இடக்கையோ பிட்ச் பெண்டரில் கமகம் பிடித்துக்கொண்டிருக்கும். மிச்சமிருப்பது கால்.

காலை இப்படி வேலை வாங்குவது புதிய யோசனை அல்ல. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியக்காரர் ஒரு கையால் துருத்தியை அசைத்துக்கொண்டே மறுகையால் வாசிப்பார். அழுத்தி அசைத்தால் சத்தம் கூடும், தளர்த்தினால் குறையும். மேடை நாடகங்களுக்கு வந்த பெரிய ஆர்மோனியத்தில் காற்றடிக்கும் வேலை காலுக்குப் போனது. இரண்டு கைகளும் வாசிப்புக்குக் கிடைத்தன. பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியமும் காலால் மிதிக்கும் வகைதான். அந்த வகைப் பெட்டிகளில் எக்ஸ்பிரஷன் என்றே பெயரிட்ட ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் காற்றுச் சேமிப்பு அறை விலகிக்கொள்ளும். மிதிப்பின் அழுத்தம் நேரடியாக நாக்குகளுக்குப் போகும். கால் தடுமாறினால் பாட்டும் தடுமாறும். தேவாலயங்களின் குழாய் ஆர்கனில் வேறு வழி: குழாய்களை ஒரு பெரிய பெட்டிக்குள் அடைத்து, அதன் கதவைக் காலால் திறந்து மூடினார்கள். லண்டனில் 1712லேயே இது வந்துவிட்டது. 1935இல் வந்த ஹாமண்ட் மின் ஆர்கனில் கதவும் இல்லை, காற்றும் இல்லை. கால் பெடல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. இன்றைய எக்ஸ்பிரஷன் பெடல் அதன் வாரிசு.

அதைத் திறந்து பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். உள்ளே இருப்பது பழைய ரேடியோவின் வால்யூம் குமிழுக்குப் பின்னால் இருக்குமே, அதே பாட், அதாவது மாறு மின்தடை. பலகையை மிதித்தால் ஒரு பற்சக்கரமோ கம்பியோ அதைத் திருப்புகிறது. மூன்று ஒயர்கள்: ஒன்றில் கீபோர்டு சிறிய மின்னழுத்தம் அனுப்புகிறது, ஒன்று எர்த், நடுவில் நகரும் முனையிலிருந்து ஒன்று திரும்பி வருகிறது. திரும்பி வரும் மின்னழுத்தத்தைக் கீபோர்டு 0 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றிக்கொள்கிறது. அவ்வளவுதான்.

வாங்கும்போது பலர் சறுக்குவது இங்கேதான். கடையில் வால்யூம் பெடல் என்று ஒன்று இருக்கும். பார்க்க அச்சு அசலாக இதேபோல. அதற்குள் பாட்டின் ஒலியே புகுந்து வெளியே வருகிறது. எக்ஸ்பிரஷன் பெடலுக்குள் ஒலி போவதே இல்லை, கட்டளை மட்டும்தான் போகிறது. முன்னது தண்ணீர்க் குழாயில் வைத்த வால்வு என்றால், பின்னது மோட்டார் கொட்டகைக்காரருக்குக் காட்டும் சைகை. சைகை என்பதால் சத்தத்தை மட்டுமல்ல, ஒலியின் கூர்மை, எதிரொலி, ஆர்கன் சுழற்சி வேகம் என எதை வேண்டுமானாலும் அதனிடம் ஒப்படைக்கலாம். சஸ்டெயின் பெடல் இந்த இரண்டிலும் சேராது. அது பெரும்பாலும் வெறும் சுவிட்ச்தான்.

இரண்டாவது சிக்கல் ஒயர் வரிசை. ஸ்டீரியோ ஜாக்கில் நுனி, வளையம், உடம்பு என மூன்று பகுதிகள். ரோலண்ட் பெடல்களில் நகரும் முனை நுனிக்கு வரும்; யமஹாவில் வளையத்துக்கு. ரோலண்ட் ஈவி-5இன் மின்தடை 10 கிலோ ஓம், யமஹா எஃப்சி7இல் 50 கிலோ ஓம். ஒன்றின் பெடலை மற்றதில் செருகினால் பெரும்பாலும் எதுவும் எரியாது, ஆனால் பாதி மிதிக்கும்வரை ஒன்றும் நடக்காமல் கடைசி அங்குலத்தில் சத்தம் திடீரென்று குதிக்கும். பெடல் போச்சு என்று திருப்பிக் கொடுக்கிறவர்கள் உண்டு. அதனால் விலையை விசாரிக்கும் முன் உங்கள் கீபோர்டின் மேனுவலில் எந்தப் பெடல் பெயர் அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள், அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் அடியில் வரிசை மாற்றும் சுவிட்ச் வைத்த பொதுப் பெடல். மோனோ கேபிள் மட்டும் கூடாது. வளையத்தையும் உடம்பையும் அது ஒன்றாக்கிவிடும்.

பிளாஸ்டிக்கா, இரும்பா? மேடையில் வெறுங்காலோடு நின்று வாசிக்கிறவருக்கு எடையும் வழுக்காத ரப்பரும்தான் முக்கியம். பலகை வைத்த இடத்தில் நிற்க வேண்டும். காலை எடுத்ததும் தானாகச் சரிந்தால் அந்தப் பெடல் வேண்டாம். அடியில் ஒரு ரப்பர் பாயைப் போட்டுவிட்டால் பலகைமேடையில் நகராது. நின்றபடி வாசிக்கும்போது உடம்பின் பாரம் முழுக்க ஒரு காலில் விழும், மற்றதால் நிதானமாக மிதிக்க வராது. ஸ்ட்ரிங்ஸ் அதிகமுள்ள பாட்டு என்றால் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவதே மேல். நின்று வாசித்தால்தான் கெத்து என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை.

இணைத்த பிறகு செய்ய வேண்டிய முக்கியமான வேலை, பெடல் எதை ஆட்ட வேண்டும் என்று கீபோர்டுக்குச் சொல்வது. 1983இல் வந்த மிடி முறையில் இதற்கு இரண்டு எண்கள் உண்டு. 7 என்பது வால்யூம், 11 என்பது எக்ஸ்பிரஷன். காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் 7 உச்சவரம்பை வைக்கிறது. அந்த வரம்புக்குள் ஏற்றி இறக்குவது 11. பெடலுக்கு 7ஐக் கொடுத்தால், பியானோவுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் இடையே பார்த்துப் பார்த்து வைத்த அளவுகள் முதல் மிதியிலேயே அழிந்துபோகும். 11ஐக் கொடுங்கள். இரண்டு ஒலிகளை அடுக்கி வாசிக்கும்போது பெடலை ஸ்ட்ரிங்ஸுக்கு மட்டும் விட்டுப் பியானோவுக்கு அணைத்துவிடலாம். பியானோ தன் பாட்டில் நடக்க, அதன் பின்னாலிருந்து ஸ்ட்ரிங்ஸ் எழுந்து வரும். கேசட்டில் கேட்டது அதுதான்.

அடுத்து அடிமட்டம். குதிகாலை முழுக்க அழுத்தினால் சத்தம் அடியோடு நிற்கும்படி வைப்பது வீட்டில் அழகு, மேடையில் ஆபத்து. கால் தெரியாமல் சாய்ந்தால் ஒலி போய்விடும், மைக் செட்காரர் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கத் தொடங்குவார். ஈவி-5இன் பக்கவாட்டில் குறைந்தபட்ச அளவுக்கென்றே ஒரு குமிழ் இருக்கிறது; கால்வாசிக்குச் சற்று மேலே வைத்தால் போதும். சவுண்ட் செக் செய்யும்போது பெடலை முழுக்க மிதித்துக்கொண்டு அளவு கொடுங்கள். பாதி மிதியில் கொடுத்துவிட்டால், உச்சத்துக்குப் போகும் இடத்தில் மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியும். இன்னொன்று: பேட்ச், அதாவது ஒலித் தேர்வை, மாற்றியதும் சில கீபோர்டுகள் பெடல் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதில்லை, காலை அசைத்த பிறகுதான் விழித்துக்கொள்ளும். சரணத்துக்கு முன் பெடலை லேசாக ஆட்டிவிடும் பழக்கம் நல்லது.

கிதார்காரர்கள் இந்தக் குடும்பத்துக்கு அயலார் அல்ல. கிதார் 'வா வா' என்று பேசுகிறதே, அந்த வா-வா பெடலை 1966இல் அமெரிக்காவில் முதலில் செய்து பார்த்தபோது, அந்தச் சுற்றைப் பொருத்தியது ஓர் ஆர்கனின் வால்யூம் பெடல் கூட்டுக்குள்தான். இன்றைய எஃபெக்ட்ஸ் பெட்டிகள் பலவற்றில் எக்ஸ்பிரஷன் பெடலுக்கென்று தனி ஓட்டையே உண்டு.

கடைசியாகப் புழுதி. முந்திரித் தோப்போரத்து மைதானத்தில், ஊர்வலம் வந்துபோன தெருமுனையில் மேடை போட்டால் செம்மண் தூள் பெடலுக்குள் போகாமல் இருக்காது. உள்ளிருக்கும் மின்தடையின் கரித்தடத்தில் தூள் படிந்தால் நகரும் முனைக்குத் தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும். எண் 60லிருந்து 90க்குத் தாவி மறுபடி 61க்கு வரும், வயலின்கள் விக்குவது போலக் கேட்கும். பயன்படுத்தாத நேரத்தில் துணிப்பையில் போட்டு வையுங்கள். விக்கல் வந்துவிட்டால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் காண்டாக்ட் கிளீனரை மின்தடையின் இடுக்கில் அடித்து, பெடலை மேலும் கீழுமாக நிறைய முறை ஆட்டி, நன்றாகக் காயவிட்டுச் செருகிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் உள்ளே போகக்கூடாது. அன்றைக்கு வழுவழுவென்று இருக்கும், பிறகு புழுதியைப் பசையாக்கிவிடும். சுத்தம் செய்தும் நிற்காவிட்டால் தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதே மதிப்புள்ள பாட் ஒன்றை வாங்கிக் கொடுத்தால், டிவி ரிப்பேர் தெரிந்தவர் யாரும் பற்றவைத்துத் தருவார். பழைய மின்தடையைக் கழற்றும் முன் ஒயர் வரிசையைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.