ஆறு அறுத்த வழி – 9: கைவிட்ட சுரங்கம் வழியே ஒரு நாள் நடை

சென்ற இதழில் கஸ்தெல்லான் ஊர்ப் பாலத்தடியில் நிதானமாக ஓடிக்கொண்டிருந்த வெர்தோன் ஆறு, ருகோன் கிராமத்தை நெருங்கியதும் ஆளே மாறிவிடுகிறது. தெற்கு பிரான்சின் புரோவான்ஸ் மலைகளில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புப் பாறையைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. இருபுறப் பாறைச் சுவர்கள் சில இடங்களில் 700 மீட்டர் உயரம். அடியில் பச்சையும் நீலமும் கலந்த நீர்.

மேலே வளைந்து செல்லும் சாலையில் காரை நிறுத்தி, கம்பி வேலியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களே பெரும்பாலோர். கீழே இறங்கி ஆற்றை ஒட்டியே நடக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு ஒரே பகலில் முடிகிற பாதை ஒன்று இருக்கிறது. பிளான்-மர்தேல் பாதை என்று பெயர். மேற்கே மாலின் மலைவிடுதியில் தொடங்கி, கிழக்கே புவான் சுப்லீம் என்ற காட்சிமுனையில் முடிகிறது. தூரம் சுமார் 15 கிலோமீட்டர். நடைநேரம் ஆறு முதல் ஏழு மணி. பிரான்சின் நெடுநடைப் பாதைகளில் ஒன்றான ஜி.ஆர். 4 இந்த வழியாகத்தான் போகிறது. ஆகவே பாறைகளிலும் மரங்களிலும் சிவப்பு, வெள்ளைக் கோடுகள் வழிகாட்டிக்கொண்டே வரும். துணையில்லாமல் நடப்பவருக்கும் வழி தவறும் அச்சம் குறைவு.

ஆனால் வேறொரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பாதிவழியில் மனம் மாறினால் மேலேறித் தப்பிக்கச் சாலை கிடையாது. வந்த வழியே திரும்ப வேண்டும், இல்லையேல் முடிவு வரை போக வேண்டும். குடிக்க நம்பகமான ஊற்றும் வழியில் இல்லை. செல்பேசிக்குப் பெரும்பாலும் சிக்னல் இருக்காது.

இந்தப் பாதையின் கதை 1905 ஆகஸ்டில் தொடங்குகிறது. அதுவரை இந்த மலையிடுக்கின் அடித்தளத்தை முனைக்கு முனை கடந்தவர் யாரும் இல்லை. 1896இல் அர்மான் ஜானே என்பவர் படகில் முயன்று பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு வந்தவர் எதுவார்-ஆல்பிரேத் மர்தேல். படிப்பால் வழக்கறிஞர், பிரான்சில் குகை ஆய்வை ஓர் அறிவுத்துறையாக வளர்த்தவர். 1889இல் பாதிராக் என்ற மாபெரும் பாதாளக் குழிக்குள் இறங்கிப் பெயர் பெற்றவர். புரோவான்ஸின் நீர்வளத்தை ஆராயும் அரசுப் பணியாக அவர் வெர்தோனுக்கு வந்தார்.

ஆற்றை அளக்க வந்த அவருக்கு ஆற்றைத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டார். ருகோன் கிராமப் பள்ளி ஆசிரியர் இசிதோர் பிளான் அந்த ஆளாக அமைந்தார். ஜானேயும் மறுபடி சேர்ந்துகொண்டார். உள்ளூர்க்காரர்கள் சிலரும் உடன் போனார்கள். படகுகளில் மிதந்தும், பாறைகளில் தவழ்ந்தும், குளிர்ந்த நீரில் கழுத்தளவு இறங்கியும் அந்தக் குழு மூன்று நாளுக்கு மேல் போராடி மறுமுனையில் வெளியே வந்தது. தலைநகரத்து அறிஞரின் பெயரோடு கிராமத்து வாத்தியாரின் பெயரையும் சேர்த்துப் பாதைக்கு இட்டிருப்பது நியாயமான செயல். அதிலும் பிளான் பெயர்தான் முதலில் வருகிறது.

மர்தேல் குழுவுக்கு முன்பே இந்த இடுக்கின் சில மூலைகளுக்குள் மனிதர்கள் இறங்கி ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். தென்கரையில் உள்ள எகீன் கிராமம் கடைசல் வேலைக்குப் பேர்போனது. பாறைச் சரிவுகளில் வளரும் புய் என்ற குறுமரத்தின் வேர்க்கட்டை இரும்புபோல் கடினமானது. அதை வெட்டியெடுக்கக் கயிறும் கட்டை ஏணியுமாகக் கிராமத்தார் கீழே இறங்குவார்கள். அந்தக் கட்டையைக் கடைந்து பந்தாக்கி, மேல்பரப்பு முழுக்க மீன் செதில்போல் ஆணிகளை நெருக்கமாக அறைவார்கள். ஆணி அறைவது பெரும்பாலும் பெண்கள் வேலை. புரோவான்ஸ் மக்கள் மரநிழலில் ஆடும் பெத்தாங் விளையாட்டுக்கு அந்தப் பந்துகள் போயின. 1920களில் முழு உலோகப் பந்து வந்தபின் அந்தத் தொழில் தேய்ந்தது. அந்தப் புய் மரங்களைப் பாதையின் இருபுறமும் இன்றும் பார்க்கலாம். கிழக்காசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குள் புகுந்த ஓர் அந்துப்பூச்சி 2010களில் இவற்றை மொட்டையடித்ததும் உண்டு.

1920களின் பிற்பகுதியில் பிரான்சின் சுற்றுலாக் கழகமான தூரிங் கிளப், இந்த அடித்தளத்தில் எவரும் நடக்கக்கூடிய பாதை ஒன்றை அமைத்தது. பாறையில் படி வெட்டினார்கள். கைப்பிடிக் கம்பி பொருத்தினார்கள். மிகக் கடினமான இடங்களில் மட்டும் புதிதாக ஒன்றும் குடைய வேண்டியிருக்கவில்லை. அங்கே ஏற்கனவே சுரங்கங்கள் இருந்தன. அவை யார் குடைந்தவை, எதற்காக என்பதை அந்த இடம் வரும்போது பார்க்கலாம்.

அனுபவசாலிகள் செய்கிற ஓர் ஏற்பாடு தனியே நடப்பவருக்கு மிகவும் உதவும். காரை முடிவிடமான புவான் சுப்லீமில் நிறுத்திவிட்டு, காலையில் டாக்சியிலோ, பருவகாலத்தில் ஓடும் சிற்றுந்திலோ மாலினுக்குப் போய்விடுவார்கள். நடை முடியும் இடத்தில் வண்டி காத்திருக்கும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே என்று வழுக்குப் பாறையில் ஓட வேண்டியதில்லை.

மாலினிலிருந்து பாதை முதலில் காட்டுச் சரிவில் வளைந்து வளைந்து இறங்குகிறது. ஆற்றின் இரைச்சல் முதலில் கேட்கும், ஆறு பிறகுதான் தெரியும். முந்நூறு மீட்டருக்கு மேல் இறங்கியதும் நீர்மட்டத்தை ஒட்டிய தடம் கிடைக்கிறது. இங்கிருந்து ஆறு வலக்கைப் பக்கம். நடை நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில். மர்தேல் குழு ஆற்றோடு போனது, இன்றைய நடையர் ஆற்றை எதிர்கொண்டு போகிறார். கூழாங்கல் திட்டு, சரளைச் சரிவு, வேர்கள் பின்னிய ஏற்றம் என்று தடம் மாறிக்கொண்டே இருக்கும். மாட்டுக் குகை என்று உள்ளூரில் அழைக்கப்படும் அகன்ற பாறைக் குடைவு ஒன்று நல்ல நிழல் தருகிறது.

பிரதானத் தடத்திலிருந்து சற்று விலகி இறங்கினால் மெஸ்க்லா. தெற்கிலிருந்து வரும் ஆர்துபி என்ற சிற்றாறு வெர்தோனில் கலக்கும் இடம் அது. வெர்தோன் இங்கே தன்னைத் தானே திரும்பிப் பார்ப்பதுபோல் கூர்மையாக வளைகிறது. போய்த் திரும்பக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்றாலும், மதியச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் வழியில் இல்லை.

இங்கேதான் பலருக்கும் ஆசை வரும். நீர் தெளிவாக இருக்கிறது, ஆழம் முழங்கால்தான், எதிர்க்கரையில் வெயில் அழகாக விழுகிறது. கடந்து போய் உட்காரலாமே என்று. போகக் கூடாது. மேல்நோக்கிச் சில மணி நேரத் தொலைவில் இரண்டு அணைகள் இருக்கின்றன. 1940களின் இறுதியில் நிறைவடைந்த, 100 மீட்டர் உயர வளைவணையான கஸ்தியோன் ஒன்று. அதற்குக் கீழே சில ஆண்டுகள் கழித்துக் கட்டிய ஷோதான் இன்னொன்று. மின்தேவை கூடும் வேளையில் நீர்மின் சுழலிகள் ஓடத் தொடங்கும். அங்கே விட்ட நீர் இங்கே வந்து சேரும். வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் ஆறு ஏறும். கடந்து போனவர் எதிர்க்கரையில் மாட்டிக்கொள்வார். கூட வந்தவர்கள் இருந்தால் உதவிக்கு ஓடலாம். தனியே வந்தவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தடத்தின் இருமுனைகளிலும் எச்சரிக்கைப் பலகைகள் நிற்பது இதனால்தான்.

மெஸ்க்லாவுக்குப் பிறகு ஓர் ஏற்றம். அதன் உச்சியில் பிரேஷ் ஆம்பேர் என்ற பாறைப் பிளவு. அதன் மறுபுறம் தரை இல்லை. இரும்புப் படிக்கட்டு மட்டும் இருக்கிறது, மொத்தம் 252 படிகள். பல அடுக்குகளாகப் பிரிந்து, ஏணிக்கும் மாடிப்படிக்கும் இடைப்பட்ட சரிவில் இறங்குகிறது. ஓர் ஆள் அகலந்தான். முதுகுப்பை பாறையில் உரசும். எதிரே யாராவது ஏறி வந்தால் அடுக்குகளுக்கு நடுவே ஒதுங்கி வழிவிட வேண்டும். உயர அச்சம் உள்ளவர்கள் படிகளுக்கு முகம் காட்டி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்குகிறார்கள். இரு கையும் கம்பியில் இருக்க வேண்டும் என்பதால் ஊன்றுகோலை முன்கூட்டியே பையில் கட்டிவிடுவது நல்லது. நாய்களை அழைத்து வர வேண்டாம் என்று சொல்வதும் இந்தப் படிகளை நினைத்துத்தான்.

அதற்கப்பால் இடுக்கு மேலும் ஒடுங்குகிறது. கடைசிப் பகுதியில்தான் சுரங்கங்கள் வருகின்றன.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்தோனின் நீரை மலைக்குள் குடைந்த வழியே கொண்டுபோய், இடுக்கின் மறுமுனையில் மின்சாரம் எடுப்பதென்று ஒரு திட்டம் போட்டார்கள். அது நிறைவேறியிருந்தால் ஆறு மலைக்குள் ஓடியிருக்கும், இடுக்கில் கூழாங்கல் மிஞ்சியிருக்கும். தொழிலாளர்கள் வந்தார்கள், குடையத் தொடங்கினார்கள். முதல் உலகப்போர் வந்தது; திட்டம் கைவிடப்பட்டது. அரைகுறையாக விட்டுப்போன அந்தத் துளைகளில் இரண்டுதான் இன்று நடைபாதை. முதலில் வரும் ட்ரெஸ்கேர் சுரங்கம் சுமார் 110 மீட்டர். அடுத்து வரும் பௌ சுரங்கம் 670 மீட்டர்.

இரண்டாவது சுரங்கத்தில் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே வாசல் வெளிச்சம் மறைந்துவிடுகிறது. தலைவிளக்கு காட்டும் வட்டத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கோடைக்கால நடுப்பகலிலும் உள்ளே குளிர். கூரையிலிருந்து நீர் சொட்டும். தரையில் சேறும் குட்டைகளும். குடைந்த கல்லை வெளியே தள்ளுவதற்காகத் தொழிலாளர்கள் பக்கவாட்டில் திறந்த சாளரங்கள் அங்கங்கே உண்டு. அவற்றில் ஒன்றின் வழியே பார்த்தால் புறாக் குகை என்னும் மாபெரும் குடைவும், அதன் காலடியில் ஓடும் ஆறும் தெரியும். ஆற்றை விரட்டுவதற்காக வெட்டிய சாளரம் அது.

வெளியே வந்ததும் சாம்ஸோன் ஒடுக்கம். அங்கிருந்து புவான் சுப்லீமுக்குக் கடைசி ஏற்றம். பிற்பகலில் பாறைச் சுவர்கள் சூடேறி, வெப்பக் காற்று மேலெழும் வேளையில் வானத்தில் பெரிய கழுகுருக்கள் வட்டமிடும். இவை பாறு இனத்தைச் சேர்ந்த கிரிஃபோன் பிணந்தின்னிக் கழுகுகள். சிறகை விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல். இந்தப் பகுதியிலிருந்து முற்றிலும் மறைந்துபோயிருந்தவை. 1999இலிருந்து ருகோனில் கூண்டில் பழக்கி, படிப்படியாகத் திறந்துவிட்டார்கள். இப்போது இந்தச் சுவர்களிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. மேய்ச்சல் நிலத்தில் செத்த ஆடுகளைத் தின்று தீர்ப்பதால் ஆட்டுக்காரர்களுக்கும் உதவிதான்.

அணைகள் வந்தன, 1970களில் இடுக்கின் கீழ்முனையில் சாந்த்-குருவா ஏரியும் வந்தது. மின்சாரமும் குடிநீரும் பாசன நீரும் புரோவான்ஸுக்கு வேண்டியவைதான், அதை மறுக்க முடியாது. ஆனால் இடுக்கின் நடுப்பகுதியில் இன்னும் நீர் ஓடுகிறது என்றால், நூறாண்டுக்கு முன் ஒரு திட்டம் நின்றுபோனதே காரணம். 1997இல் இப்பகுதி வட்டார இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பாதையில் தனியே போக நினைக்கும் வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். ல பாலு கிராமத்தில் பாதை நிலவரத்தையும் வானிலையையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். புயல்மழை என்று முன்னறிவிப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். மூன்று லிட்டர் தண்ணீர், தலைவிளக்கு, அதற்கு மாற்று பேட்டரி ஆகியவை பையில் இருக்கட்டும். எந்த முனையில் நுழைகிறீர்கள், எத்தனை மணிக்கு வெளியே வருவீர்கள் என்பதை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அவசர உதவி எண் 112. எந்தக் காரணத்துக்காகவும் ஆற்றைக் கடக்காதீர்கள்.

அடுத்த இதழில்: சாந்த்-குருவா ஏரியும், அதற்கு இடம்விட்டு மேட்டுக்குக் குடிபெயர்ந்த சால் கிராமமும்.

(தொடரும்)