வயல் நண்டு

வயல் நண்டு என்பது தென்னிந்தியாவின் நெல்வயல்களிலும் ஏரி, வாய்க்கால் கரைகளிலும் வளை தோண்டி வாழும் நன்னீர் நண்டு ஆகும். இதன் அறிவியல் பெயர் ஓசியோதெல்பூசா செனெக்சு. 1798 ஆம் ஆண்டில் பாப்ரீசியசு இவ்வினத்தை விவரித்தார். விழுப்புரம் மாவட்டத்தின் மேல்மலையனூர், செஞ்சி, திண்டிவனம் போன்ற ஏரிப்பாசனப் பகுதிகள் இத்தகைய நண்டுகளுக்கு ஏற்ற வாழிடங்களாகும்.

வளர்ச்சி

நண்டின் உடலை மூடியுள்ள ஓடு விரியும் தன்மையற்றது. எனவே நண்டு அவ்வப்போது ஓட்டைக் கழற்றியே வளர்கிறது. இது தோலுரித்தல் எனப்படும். பழைய ஓடு பின்புறம் பிளக்க, அதன் வழியே நண்டு வெளியேறும். பின்னர் நீரை உறிஞ்சி உடலைப் பெருக்கிக்கொள்ளும். புதிய ஓடு கெட்டியாகும் வரை அது வளையினுள் ஒளிந்திருக்கும். இழந்த கால்களும் தோலுரித்தலின் போதே மீண்டும் உருப்பெறுகின்றன. வயது கூடக்கூட இரு தோலுரித்தல்களுக்கு இடையிலான காலம் நீளும்.

கண்காம்பில் சுரக்கும் இயக்குநீர்கள் தோலுரித்தலையும் சூலக வளர்ச்சியையும் தடுத்து வைக்கின்றன. திருப்பதி வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் இவ்வினத்தைக் கொண்டு இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன.

இனப்பெருக்கம்

ஆண் நண்டின் வயிற்று மடல் குறுகியும் பெண் நண்டின் மடல் அகன்றும் இருக்கும். பெண் நண்டு முட்டைகளை மடலின் அடியில் ஒட்டவைத்துச் சுமக்கிறது. முட்டைகள் ஓட்டோடு ஒட்டியிருப்பதால் அக்காலத்தில் அது தோலுரிப்பதில்லை.

கடல் நண்டுகளின் முட்டைகளிலிருந்து நீரில் மிதக்கும் இளவுயிரிகள் வெளிவரும். வயல் நண்டின் முட்டைகளோ அளவில் பெரியவை, மஞ்சள்கரு மிகுந்தவை. அவற்றிலிருந்து முழு உருவம் பெற்ற சிறு நண்டுகளே வெளிவருகின்றன. இவை சில காலம் தாயின் மடலிலேயே தங்கிப் பின் பிரிகின்றன. இந்தியாவில் இயற்கையாகக் காணப்படாத கிரேபிசு என்னும் நன்னீர் உயிரியும் இவ்வாறே மிதக்கும் இளவுயிரிப் பருவமின்றி வளர்கிறது.

அச்சுறுத்தல்

வரப்பைத் துளைத்து நீரைக் கசியச் செய்வதாலும் இளநாற்றுகளை வெட்டுவதாலும் உழவர்கள் இதனைத் தீங்குயிரியாகக் கருதுகின்றனர். எனினும் இது மட்கும் இலைதழைகளையும் உண்கிறது, கொக்கு, நரி முதலியவற்றுக்கு இரையாகிறது, மக்களுக்கும் உணவாகிறது. கரிமப் பாசுபரசு பூச்சிக்கொல்லிகள் பூச்சிகளின் நரம்பு நொதியைத் தாக்குவது போலவே நண்டின் நொதியையும் தாக்குகின்றன. மிதக்கும் இளவுயிரி இல்லாமையால் இவ்வினம் தொலைவிடங்களுக்கு எளிதில் பரவ இயலாது. ஆகவே ஓர் ஏரியின் பாசனப்பரப்பில் நண்டுகள் அழிந்துவிட்டால், அவை அங்கு மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகலாம்.