கோபம் ஆள் பார்த்து வரும்

மதுராந்தகம் என்றதும் பெரிய ஏரியும் ஏரி காத்த ராமர் கோயிலும்தான் நினைவுக்கு வரும். அதே மதுராந்தகம் வட்டாரத்தில் கோழியாளம் என்று ஒரு சிற்றூர். 1860-ஐ ஒட்டி அங்கே பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே இதழ் தொடங்கியவர். லண்டன் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்து ஒடுக்கப்பட்டோருக்காக வாதாடியவர். 1939-ல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் கோயம்புத்தூரில் தாம் படித்த நாட்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்தால் யாரும் பேச்சுக் கொடுப்பதற்கு முன் வேகவேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். கூட விளையாட ஆசை இருந்தது, போகவில்லை. ஊர் எது, உறவு யார், சாதி என்ன என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம்.

அந்தப் பிள்ளையை யாரும் கை நீட்டி அடிக்கவில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் இது குற்றமாகப் பதிவாகாது. ஆனாலும் ஒரு குழந்தையின் விளையாட்டை, சிரிப்பை, தோழமையைப் பறித்தது வன்முறை இல்லையென்றால் வேறு எதை வன்முறை என்பது? நார்வே நாட்டு அறிஞர் யோஹான் கால்டுங் 1969-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு இலக்கணம் வகுத்தார். அடிப்பவன் என்று ஒருவனைச் சுட்டிக்காட்ட முடியாமல், சமூகத்தின் அமைப்பே மனிதரை நசுக்குவதும் வன்முறைதான் என்றார். கோழியாளத்துப் பிள்ளை அதை முக்கால் நூற்றாண்டுக்கு மேல் முன்னதாகவே அனுபவித்துவிட்டார்.

ஒரு கலவரம் நடந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, “யார் முதலில் கல் எறிந்தது?” என்பது. செய்தியாளர் அதைக் கேட்கிறார், போலீஸ் அதைக் கேட்கிறது, டீக்கடையிலும் அதுவே பேச்சு. கல் எறிந்தவனைக் கண்டுபிடித்தாக வேண்டும், தண்டித்தாக வேண்டும். ஆனால் காரணத்தைத் தேடுகிறவர்கள் வேறு ஒன்றையும் பார்க்க வேண்டும்: எது எரிக்கப்பட்டது, யார் வீடு விட்டுவைக்கப்பட்டது? கோபம் கண்ணை மறைக்கும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். வன்முறைச் செய்திகளைப் படிக்கப் படிக்க எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. கோபத்துக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. அது ஆள் பார்த்துத்தான் வருகிறது.

வீட்டிலிருந்தே தொடங்கலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின் 5-ஆம் சுற்று 2019-21-ல் நடந்தது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள, திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானதாக அதில் சொல்லியிருக்கிறார்கள். குடிதான் காரணம் என்போம். குடி கோபத்தின் கட்டை அவிழ்த்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் எவ்வளவு தள்ளாடினாலும் குடிகாரன் இன்ஸ்பெக்டரை அறைவதில்லை. கடன் கொடுத்த முதலாளியின் சட்டையைப் பிடிப்பதில்லை. பகல் முழுக்க மேஸ்திரியிடமோ சூப்பர்வைசரிடமோ வாங்கிய திட்டை விழுங்கிக்கொண்டு வீடு வரை வருகிறான். திருப்பி அடிக்க முடியாதவள் அங்கே இருக்கிறாள். போதையிலும் இந்தக் கணக்குத் தப்புவதில்லை.

இந்தக் கணக்கை ஊர் அளவில் பார்க்க வேண்டுமானால் செங்கல்பட்டு மாவட்டத்தின் நில வரலாற்றுக்குள் போக வேண்டும்.

1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆண்ட்ரு, வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த கௌடி போன்ற பாதிரிமார்கள் இந்தக் கொடுமைகளை ஏற்கெனவே வெளியே சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கலெக்டரின் அறிக்கை அதை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியது. சின்னத் தொகையைக் கடன் வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க மிராசுதாரின் நிலத்தில் படியாளாகக் கட்டுண்டு கிடந்த மனிதர்கள் அதில் வருகிறார்கள். குடியிருக்கும் குடிசை மனைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் மனையைக் காலி செய்ய வேண்டியதுதான். தரிசு நிலம் கேட்டு விண்ணப்பம் போட்டாலும், முதல் உரிமை எங்களுக்கே என்று மிராசுதார்கள் குறுக்கே நிற்பார்கள்.

சாட்டை எடுக்க வேண்டிய அவசியமே இல்லாத வன்முறை இது. மனை இல்லாதவனுக்கு வாய் இல்லை.

அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கச் சொன்னது. பஞ்சமி நிலம் என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். பழைய பதிவேடுகளில் ‘டி.சி. நிலம்’ (டிப்ரஸ்டு கிளாஸ் நிலம்) என்று இருக்கும். மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த நிலங்களுக்கு நிபந்தனை உண்டு. பத்து ஆண்டுகளுக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன் பிறகும் அதே ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்தான் கைமாறலாம். வேறு யாருக்குக் கிரயம் செய்தாலும் செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை உயர் நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது.

நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் வேறு கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. கல்யாணச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய கடனுக்குப் போனது, வெற்றுத்தாளில் வைத்த கைரேகையில் போனது, மிரட்டலில் போனது. 1979-ல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டபோது, பல ஊர்களில் ‘டி.சி.’ என்ற குறிப்பே காணாமல் போனது. யார் ஆண்டுவந்தார்களோ அவர்கள் பெயர் ஏறியது. ஒரு எழுத்தரின் பேனா செய்த இந்த வேலையை எந்தக் கலவரப் பட்டியலிலும் பார்க்க முடியாது.

1994-ல் மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டு எழுந்தார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். போலீஸ் அதை அகற்றியது. அதைக் கண்டித்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள்.

அரசே ஆணை போட்டுக் கொடுத்த நிலம். அதை அரசிடமே திரும்பக் கேட்டவர்கள் மீது குண்டு. நூறு ஆண்டுகளில் அந்த நிலத்தை எழுதி வாங்கியவர்கள், எழுதிக் கொடுத்தவர்கள், பதிவு செய்தவர்கள், பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள் எத்தனை பேர்! ஒருவர் மீதும் தடியடிகூட நடந்ததில்லை. அன்று ‘சட்டம் ஒழுங்கு’ கெட்டது என்றார்கள். 1892-ன் ஆணையை மீறி நிலம் கைமாறிய ஒவ்வொரு நாளும் சட்டம் கெட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 10 அன்று காரணையில் கூடி அந்த இருவருக்கும் அஞ்சலி செலுத்துகிறவர்கள், அதே நிலக் கோரிக்கையைத்தான் இன்னும் எழுப்புகிறார்கள்.

இதே கடற்கரையில் இன்னொரு தேதியும் உண்டு. 2013 ஏப்ரல் 25. மாமல்லபுரத்தில் பா.ம.க.வும் வன்னியர் சங்கமும் சித்திரை முழுநிலவு விழா நடத்தின. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக விழாவுக்கு வந்தவர்களுக்கும் மரக்காணத்துத் தலித் மக்களுக்கும் மோதல் மூண்டது. தலித் குடிசைகள் எரிந்தன, பேருந்துகள் எரிந்தன. விழாவுக்கு வந்த இளைஞர்கள் இருவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அந்தச் சாவுகள் எப்படி நேர்ந்தன என்பதில் கட்சி ஒன்று சொன்னது, போலீஸ் வேறு சொன்னது. மகனை விழாவுக்கு அனுப்பிய தாய்க்கு இரண்டு பதிலும் ஒன்றுதான்.

மரக்காணத்துக்கு ஐந்தரை மாதம் முன்பு, 2012 நவம்பர் 7-ல், தருமபுரி நாயக்கன்கொட்டாய் நத்தம் காலனியும் பக்கத்துத் தலித் காலனிகளும் சூறையாடப்பட்டன. சாதி கடந்த ஒரு காதல் திருமணம் காரணம் என்றார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடுகள் அவை. மோட்டார் சைக்கிள், பீரோ, பிரிட்ஜ், நகை, பிள்ளைகளின் சான்றிதழ் எல்லாம் போயின. 1995 ஆகஸ்ட் 31-ல் கொடியன்குளத்தில் நடந்ததும் இதுபோன்றதுதான். அங்கே தாக்கியது போலீஸ். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் அனுப்பிய பணத்தில் வந்த டி.வி.யும் மின்விசிறியும் தேடித் தேடி உடைக்கப்பட்டன. மதுரை மாவட்டத்து மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30-ல் மற்றும் சிலரோடு வெட்டிக் கொல்லப்பட்டார். நாற்காலிதான் அவர் செய்த குற்றம்.

மெத்தை வீடு, வண்டி, டி.வி., நாற்காலி, பிடித்தவரைக் கட்டிக்கொள்ளும் துணிச்சல். இந்தச் சம்பவங்களில் அழிக்கப்பட்ட பொருட்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நேற்றுவரை குனிந்து நின்றவர் நிமிர்ந்ததற்கான சாட்சிகள் அவை.

அமெரிக்காவில் ஹோவ்லண்ட், சியர்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1940-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 1882 முதல் 1930 வரையிலான பருத்தி விலையையும், தென் மாநிலங்களில் கறுப்பினத்தவர்களைக் கும்பலாகச் சேர்ந்து கொன்ற கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். விலை விழுந்த ஆண்டுகளில் கொலை கூடியிருந்தது. ஏமாற்றம் ஆத்திரமாக மாறி, இளைத்தவன் மேல் பாய்கிறது என்றார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் அந்தத் தொடர்பு அவர்கள் சொன்ன அளவு வலுவானதல்ல என்று காட்டினார்கள். நம் ஊர் அனுபவமும் வறுமை மட்டும் காரணம் என்று சொல்லவில்லை. தன் வயல் காய்ந்தால் வரும் வருத்தத்தை மனிதன் தாங்கிக்கொள்கிறான். தன் வயல் காயும்போது, படியாளாக இருந்தவரின் பேரன் புதுச் சட்டை போட்டு பைக்கில் போவதைத்தான் அவனால் தாங்க முடிவதில்லை. அந்த இரண்டையும் முடிச்சுப் போட்டு, “உன் சொத்தை அவன் தின்கிறான், உன் வீட்டுப் பெண்ணை அவன் கவர்கிறான்” என்று மேடையில் பேச ஒருவர் வந்துவிட்டால் போதும்.

இதில் எனக்கு மிகுந்த வேதனை தருவது ஒன்று. வடதமிழ்நாட்டில் ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருப்பது பல இடங்களில் ஒரு தெருவோ ஓடையோதான். இரண்டு பக்கமும் பெரும்பாலோர் ஏழைகள். ஒரே வயலில் நடவு, ஒரே நூறு நாள் வேலை, ஒரே ரேஷன் கடை. வழக்கு வந்தால் இரண்டு பக்கத்துப் பையன்களும் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு என்று வந்தால் அரசு வேலைக் கனவு போகிறது. பேசிவிட்டுப் போனவர் அடுத்த தேர்தலுக்கு வருவார். ஜாமீனுக்கு நகையை அடகு வைத்தவள் அதை மீட்கப் பல வருடம் ஆகும்.

“மனிதன் என்றாலே மிருகம்தானே, ரத்தத்தில் ஊறினது” என்று சொல்லிக் கைகழுவுகிறவர்கள் உண்டு. 1986-ல் ஸ்பெயினின் செவில் நகரில் பல துறைகளைச் சேர்ந்த 20 அறிஞர்கள் கூடி ஓர் அறிக்கை எழுதினார்கள். 1989-ல் யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. போர் புரியும் குணம் விலங்கு முன்னோரிடமிருந்து வந்தது என்பதோ, வன்முறை நம் மரபணுவில் எழுதப்பட்டிருக்கிறது என்பதோ அறிவியல்படி தவறு என்றது அந்த அறிக்கை. சினம் பிறவியில் வரலாம். யார்மேல் சினம் கொள்ளலாம் என்பதை வீடும் தெருவும்தான் சொல்லிக்கொடுக்கின்றன. மதுராந்தகத்துக்குப் பக்கத்து வேடந்தாங்கலில் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். அதுவும் பழகிக்கொண்டதுதானே?

சட்டம் இல்லாமல் இல்லை. 1924-லேயே சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் எல்லாம் எல்லாருக்கும் உரியவை என்று தீர்மானம் கொண்டுவந்தவர் கோழியாளத்துச் சீனிவாசன். 1989-ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது, 1995-ல் அதன் விதிகள் வந்தன. அவ்விதிகளின்படி கலெக்டர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். முதல்வர் தலைமையிலான மாநிலக் குழு ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். எந்த ஊரில் புகைகிறது, எந்த வழக்கு தூங்குகிறது, யாருக்கு நிவாரணம் போய்ச் சேரவில்லை என்று பார்ப்பதற்கான குழுக்கள் இவை. தீப்பிடிப்பதற்கு முன் கூடினால்தான் அவற்றால் பயன். செங்கல்பட்டு 2019 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. கலெக்டர் அலுவலகம் இப்போது பக்கத்திலேயே இருக்கிறது. அந்தக் குழு எப்போது கூடியது, என்ன முடிவு எடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பத்து ரூபாய்தான் செலவு.

இன்னொரு வேண்டுகோள், மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கம் மனை வாங்க நினைப்பவர்களுக்கு. ஜி.எஸ்.டி. சாலையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கொடி கட்டி மனை விற்கிறார்கள். வில்லங்கச் சான்றும் புதுப் பட்டாவும் காட்டுவார்கள். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் 1979-க்கு முந்தைய நகலைக் கேட்டு வாங்கி, அந்த சர்வே எண்ணுக்கு நேரே ‘டி.சி.’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அந்த மனை வேண்டாம்.