ஒரு மாத்திரை, நான்கு மருந்துகள்

காசநோய்க்கு முதலில் தரும் மாத்திரை ஒன்றுதான். அதற்குள் நான்கு மருந்துகள் உள்ளன. ரிஃபாம்பிசின் 150 மில்லிகிராம், ஐசோனியசிட் 75, பைரசினமைடு 400, எத்தம்பியூட்டால் 275. அளவு குறைந்தால் கிருமி தப்பிவிடும். பிறகு மருந்துக்கு அடங்காமலும் போகலாம்.

அளவைச் சோதிப்பது எப்படி? மாத்திரையைக் கரைத்து, அதன் வழியே ஒளியைச் செலுத்துவார்கள். மருந்து ஒளியை உறிஞ்சும். தேநீர் கடுப்பாக இருந்தால் கண்ணாடி டம்ளரின் மறுபக்கம் தெரியாது அல்லவா? அதுபோல மருந்து கூடினால் வெளிவரும் ஒளி குறையும்.

ரிஃபாம்பிசின் சிவப்பு நிறம். அளப்பது எளிது. ஐசோனியசிடும் பைரசினமைடும்தான் தொல்லை! கண்ணுக்குத் தெரியாத ஏறக்குறைய ஒரே வகை ஒளியை இரண்டும் உறிஞ்சுகின்றன. ஆகவே, அளவு தெரிந்த பல கலவைகளை முதலில் செய்து, பலவகை ஒளியில் அளப்பார்கள். அந்தக் கணக்கை வைத்து, மாத்திரையில் எது எவ்வளவு என்று கணினி பிரித்துச் சொல்லும்.

எத்தம்பியூட்டால் இந்த ஒளியை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அதற்கு வேறு சோதனை வேண்டும்.