உங்களுக்குத் தெரியுமா? பானையை ‘எறிந்து’ செய்கிறது ஆங்கிலம்!

● ‘த்ரோ’ என்றால் எறிவது என்றுதான் பள்ளியில் படித்தோம். பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படிப்பவரைக் கேளுங்கள். சுழலும் சக்கரத்தில் களிமண்ணை வைத்து, ஈர விரலால் குழித்து, மேலே இழுத்துப் பாத்திரமாக்குவதும் ‘த்ரோ’தான். தமிழில் இது வனைதல்.

● காரணம்? பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘முறுக்கு, திருப்பு’ என்றே பொருள். ‘எறி’ என்ற பொருள் பின்னால் வந்தது. குயவர்கள் பழசை விடவில்லை. பட்டு இழையை முறுக்குவதும் ‘த்ரோயிங்’. நூலைக் குறிக்கும் ‘த்ரெட்’ இதே வேரில் பிறந்தது.

● பொம்மையைச் சக்கரத்தில் வனைய முடியாது. களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி வார்ப்பார்கள். அது ‘காஸ்ட்’. அதற்கும் ஆதிப் பொருள் எறிவதுதான்! வலை வீசுவது, ஓட்டுப் போடுவது, நடிகரைத் தேர்வு செய்வது எல்லாமே ‘காஸ்ட்’.

● சூளையில் சுட்டாலும், துப்பாக்கியால் சுட்டாலும் ‘ஃபயர்’. வேலையை விட்டுத் துரத்தினாலும் அதுவே. முதல் இரண்டுக்கும் தமிழிலும் ‘சுடு’ ஒன்றே!

● பொருள் எண்ணிக்கையில் முன்னணி யார்? 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 2-ஆம் பதிப்பில் சுமார் 430 பொருள்களுடன் ‘செட்’ முதலிடம் பிடித்தது. பிற்காலத் திருத்தத்தில் 645 பொருள்களுடன் ‘ரன்’ அதை முந்திவிட்டது.