முடிவுத் திகதியும் முகவரியற்ற லயன்களும்

ஆசிரியர்களைச் சேர்த்துக்கொள்வதற்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மலையக நகரங்களில் ஒரே விதமான காட்சியைக் காண முடிகிறது. முதல் இரண்டு வாரங்கள் ஓசையின்றிக் கழியும். முடிவுத் திகதிக்கு இரண்டு, மூன்று நாட்கள் இருக்கையில் தொலைத்தொடர்பு நிலையங்களில் இளைஞர் யுவதிகள் நிரம்பி வழிவர். கையொப்பத்தை உறுதிப்படுத்த ஒரு சமாதான நீதவானையோ அதிபரையோ தேடி ஒருவர் ஓடுவார்; தபாலகம் மூடப்படுமுன் கட்டணத்தைச் செலுத்திவிட வேண்டுமென இன்னொருவர் ஓடுவார். முடிவுத் திகதி கடந்த பின்னர்தான் அப்படியோர் அறிவித்தல் வந்ததையே அறிந்துகொள்ளும் மூன்றாமவர் ஒருவரும் இருக்கிறார். அவரைப் பற்றி எவரும் கணக்கெடுப்பதில்லை.

பதுளையிலிருந்து பசறை ஊடாக பிபிலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள லுணுகலையும் அதனைச் சூழவுள்ள தோட்டங்களும் இதற்கு விதிவிலக்கல்ல. க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்தவர்களும் பட்டதாரிகளும் இப்பிரதேசத்தில் இன்று குறைவில்லை. ஆயினும், தகைமை இருந்தும் விண்ணப்பம் உரிய நாளில் போய்ச் சேராமையால் வாய்ப்பை இழப்போர் இருந்துகொண்டே இருக்கின்றனர். இதனை அவர்களது அசட்டை என்று ஒதுக்கிவிடுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதானதன்று.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. அண்டை நாடான இந்தியாவில், 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, 2010இல் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளுக்குக் கற்பிக்க விரும்புவோர் அதில் 60 சதவீதப் புள்ளிகளைப் பெற வேண்டும் என்பது பொது விதி. அத்தேர்வில் சித்தியடைவதால் தொழில் கிடைத்துவிடாது. தொழிலுக்கு விண்ணப்பிக்கும் தகுதியே கிடைக்கிறது. அந்தச் சான்றிதழ் ஆயுட்காலம் முழுவதும் செல்லுபடியாகும் எனவும் 2021ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆகவே, அங்கு ஒரு முடிவுத் திகதியைத் தவறவிட்டவர் பெரும்பாலும் அடுத்த தேர்வு வரை காத்திருக்கும் காலத்தையே இழக்கிறார்.

இலங்கையில் அவ்வாறான தகுதிப் பரீட்சை கிடையாது. இங்கு நடைபெறுவது ஆட்சேர்ப்புப் பரீட்சை. வெற்றிடம் இருக்கிறது, திறைசேரியின் அனுமதி கிடைத்துவிட்டது என்ற நிலையில்தான் அறிவித்தல் வருகிறது. அடுத்தது எப்போது வரும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. பட்டதாரிகளைப் பொறுத்தவரை, இலங்கை ஆசிரியர் சேவைக்கான வயதெல்லை சேவைப் பிரமாணக் குறிப்பின்படி 18 முதல் 35 வரை. சில தருணங்களில் விசேட தீர்மானங்களால் அது தளர்த்தப்பட்டதுண்டு. ஆனால், தளர்த்தப்படும் என நம்பி எவரும் காத்திருக்க முடியாது. 33 வயதில் ஒரு விண்ணப்பத்தைத் தவறவிட்டவருக்கு அடுத்த அறிவித்தல் 36 வயதில் வருமாயின், அவருக்கு அது வெறும் செய்தி மட்டுமே.

கல்வியியற் கல்லூரிகளின் நிலை இதனிலும் இறுக்கமானது. குறிப்பிட்ட உயர்தரப் பரீட்சை ஆண்டின் பெறுபேற்றையும் இசட் புள்ளியையும் அடிப்படையாகக் கொண்டே அங்கு அனுமதி வழங்கப்படுகிறது. அடுத்த தடவை விண்ணப்பம் கோரப்படும்போது அந்த ஆண்டு கடந்து போயிருக்கும். பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையக மாணவருக்கு எத்தகைய வாயிலாக இருந்து வருகிறது என்பதை அறிந்தவர்கள், இந்த ஒரு மாதத்தின் பெறுமதியையும் அறிவர்.

முடிவுத் திகதி என்பது விண்ணப்பம் ஏற்கப்படும் கடைசி நாள் மட்டுமன்று என்பதையும் நம்மவர் பலர் கவனிப்பதில்லை. விண்ணப்பதாரியின் வயது அந்நாளைக் கொண்டே கணிக்கப்படுகிறது. கல்வித் தகைமைகள் யாவும் அந்நாளுக்கு முன்னர் பூர்த்தியாகியிருக்க வேண்டும். பட்டமளிப்பு விழா எப்போது நடந்தது என்பது அங்கு பொருட்டன்று. பட்டம் செல்லுபடியாகும் திகதி என்ன என்பதே கேள்வி. மாகாண மட்ட ஆட்சேர்ப்பாயின், அம்மாகாணத்தில் குறிப்பிட்ட காலம் நிரந்தரமாக வசித்தமையும் பெரும்பாலும் அந்நாளிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. பெருந்தோட்டப் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவை மாகாண சபையின் கீழ் உள்ளவை என்பதால், ஊவாவில் இந்த வதிவிட நிபந்தனை பலரை நேரடியாகப் பாதிக்கும் ஒன்றாகும். கொழும்பில் வேலை செய்துகொண்டு வாக்காளர் இடாப்பில் தமது பெயரைத் தோட்டத்தில் தொடர்ந்து பதியாமல் விட்டவர், தாம் லுணுகலைக்காரர் என்பதை நிரூபிக்கச் சிரமப்படுவார்.

இனி முகவரிக்கு வருவோம். நகரத்தில் வாழும் ஒருவருக்கு வீட்டிலக்கமும் வீதியின் பெயரும் உண்டு. லயன் அறையில் வாழும் குடும்பத்திற்குப் பல தோட்டங்களில் இன்னமும் தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயருமே முகவரி. ஒரே பிரிவில் ஒரே பெயருடைய நால்வர் இருப்பது புதுமையன்று. கடிதம் தபாலகத்திலிருந்து நேராக வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்டக் காரியாலயத்திற்குச் செல்கிறது. அங்கிருந்து ‘தப்பால்காரர்’ என அழைக்கப்படும் தோட்டத் தொழிலாளி ஒருவர் மூலமோ, கணக்கப்பிள்ளை மூலமோ, கடைக்குச் சென்று திரும்பும் எவரேனும் மூலமோ லயத்தை அடைகிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஏற்பாடு இது. தோட்டத்தில் வாழ்பவனுக்கு வெளியுலகத்துடன் தனித்த தொடர்பு எதுவும் அவசியமில்லை என்ற எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் நேர்முகப் பரீட்சை முடிந்த பின் கைக்குக் கிட்டிய கதைகளை மலையகத்தில் எந்தத் தோட்டத்தில் விசாரித்தாலும் கேட்கலாம்.

விண்ணப்பங்கள் இப்போது இணையத்தில் கோரப்படுகின்றனவே, இன்னுமா தபால் பிரச்சினை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பரீட்சைத் திணைக்களம் நடத்தும் ஆட்சேர்ப்புப் பரீட்சைகளுக்கு இணையத்தளத்தின் ஊடாக விண்ணப்பிக்கும் முறை நடைமுறைக்கு வந்திருப்பது உண்மையே. ஆனால், இணையத்தில் நிரப்பிய படிவத்தை அச்சிட்டு, கையொப்பமிட்டு, அக்கையொப்பத்தை உறுதிப்படுத்தி, பதிவுத் தபாலில் அனுப்புமாறு பல அறிவித்தல்கள் இன்னும் கோருகின்றன. கையிலுள்ள தொலைபேசியில் படிவத்தை நிரப்பலாம். அச்சுப் பிரதிக்கு நகரத்திற்கு வந்தே ஆகவேண்டும். கட்டணத்தை வங்கி அட்டையால் செலுத்த வசதியற்றவர் தபாலகத்திற்குச் செல்ல வேண்டும். அதுவும் வேலை நாளில், வேலை நேரத்தில். முடிவுத் திகதி நள்ளிரவு வரை இணையத்தளம் திறந்திருந்தாலும் தபாலகக் கருமபீடம் அதுவரை திறந்திருப்பதில்லை. இணையம் தபாலின் வேலையில் ஒரு பகுதியைக் குறைத்ததே தவிர, முழுவதையும் நீக்கிவிடவில்லை.

பாதையைப் பற்றியும் ஒரு சொல். லுணுகலையிலிருந்து பதுளைக்கோ கொழும்புக்கோ ஒரு காரியமாகச் செல்வது சாதாரணப் பயணமன்று. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பேருந்து பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து 14 பேர் உயிரிழந்ததை இப்பகுதி மக்கள் மறந்துவிடவில்லை. ஒரு சான்றிதழின் பிரதிக்காக இரண்டு தடவை அலைய வேண்டியிருக்கிறது என்று சொல்லும்போது, எந்தப் பாதையில் அலைகிறார்கள் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். உடன் செல்லும் தாயோ தந்தையோ ஒரு நாள் சம்பளத்தையும் இழக்கிறார்.

அலைச்சலுக்கு மிகப் பெரிய காரணம் பெயர். தோட்டங்களில் பிறப்புப் பதிவு முகாமைத்துவத்தின் ஊடாக நடைபெற்ற காலத்தில் பெற்றோர் சொன்ன பெயர் ஒன்றாகவும் எழுதப்பட்ட பெயர் வேறொன்றாகவும் அமைந்தது. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதைப் பின்னர் ஆங்கிலத்திற்கு மாற்றி, அங்கிருந்து மீண்டும் தமிழுக்குக் கொண்டு வரும்போது மூன்று வேறு மனிதர்கள் தோன்றிவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஒரு விதம், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு விதம், பாடசாலை இடாப்பில் மற்றொரு விதம். சாதாரண தரப் பரீட்சைக்கு மாணவர் எந்தப் பெயரில் தோற்றினாரோ அதுவே பெறுபேற்றுச் சான்றிதழில் நிலைத்துவிடுகிறது. இவ்வேறுபாடு பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடக்கும். நேர்முகப் பரீட்சை மேசையில்தான் அது பெரிய பூதமாக எழுந்து நிற்கும்.

பிறப்புப் பதிவைத் திருத்துவதற்கு பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவின் ஊடாக விண்ணப்பிக்கலாம். அது முடிய மாதங்கள் செல்லக்கூடும். விண்ணப்ப காலமோ பெரும்பாலும் ஒரு மாதமளவே. ஆகவே, வர்த்தமானி வந்த பின்னர் திருத்தத்தைத் தொடங்குவதில் பயனில்லை. உடனடித் தேவைக்கு, இரு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் ஒருவரே எனச் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி பெற்றுக்கொள்ளலாம். அதையும் எல்லா அதிகாரிகளும் ஒரே விதமாக ஏற்பதில்லை. உயர்தர வகுப்பில் மாணவர் சேரும் நாளிலேயே இந்த ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை நமது பாடசாலைகள் ஏற்படுத்திக்கொண்டால், பல ஆண்டுகளுக்குப் பின்னர் நேரும் பேரிழப்பை ஓர் ஆசிரியரின் அரை மணி நேரம் தடுத்துவிடும். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.

மலையகத்தில் ஆசிரியத் தொழிலுக்கு ஏன் இத்தனை போட்டி என்பதையும் நினைவுபடுத்த வேண்டும். தோட்டப் பாடசாலைகள் நீண்ட காலம் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே இருந்தன. அவற்றை அரசு பொறுப்பேற்பது 1970களில் தொடங்கி, கட்டம் கட்டமாகவே நிறைவடைந்தது. பிரஜாவுரிமை இன்றி வாழ்ந்தோருக்கு அரச தொழில் எட்டாக்கனியாக இருந்தது. 1948இல் இழந்த உரிமையின் கடைசி எச்சத்தைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. லயத்திலிருந்து அரச சேவைக்குள் நுழைந்த முதல் தலைமுறையினரில் பலர் ஆசிரியர்களே. 2014ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென சுமார் 3,000 ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்துக்கொள்ளும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. நியமனம் பெற்றவர்களுக்கு ஆரம்பத்தில் வழங்கப்பட்டது மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு மட்டுமே. பின்னர் அது 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகைக்கும் உயர்தரம் சித்தியடைந்தவர்கள் முன்வந்தார்கள் என்றால், பின்னால் இருந்த எதிர்பார்ப்பு எத்தகையது என்பதை ஊகிக்கலாம்.

மறுபக்கத்தில் வகுப்பறை இருக்கிறது. ஊவாவின் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியர் போதாமை நெடுநாளைய குறை. வெளி மாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர் பெரும்பாலும் சில ஆண்டுகளில் இடமாற்றம் பெற்றுச் செல்கிறார். அவரைக் குறைகூறவும் முடியாது. அதே தோட்டத்தில் பிறந்து வளர்ந்த விஞ்ஞானப் பட்டதாரி ஒருவரின் விண்ணப்பம் இரண்டு நாள் பிந்திச் சென்றதால் நிராகரிக்கப்படுமாயின், நட்டம் அவருக்கு மட்டுமன்று.

பிந்திய விண்ணப்பங்களை ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. போட்டிப் பரீட்சையில் திகதி எல்லோருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆயினும், தவிர்க்க முடியாத நிலையில் நாட்களை மாற்றும் அதிகாரமும் முன்னுதாரணமும் நிருவாகத்திடம் உண்டு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் பதுளை உட்பட மலையகம் மண்சரிவுகளால் நிலைகுலைந்தபோது, நடந்துகொண்டிருந்த உயர்தரப் பரீட்சையே இடைநிறுத்தப்பட்டு, எஞ்சிய வினாத்தாள்கள் 2026 ஜனவரியில் நடத்தப்பட்டன. நாம் கேட்பது அதனிலும் சிறியது. அறிவித்தல் வெளியாகும் வாரத்திலேயே அதன் தமிழ்ப் பிரதி ஒவ்வொரு வலயக் கல்விக் காரியாலயத்திலிருந்தும் பாடசாலைகளுக்கும் தோட்டக் காரியாலயங்களுக்கும் சென்று அறிவித்தற் பலகையில் ஒட்டப்பட வேண்டும். தபால் திணைக்களம் தோட்டப் பிரிவுகளுக்கு வீட்டிலக்க அடிப்படையில் நேரடி விநியோகத்தை விரிவுபடுத்த வேண்டும். இரண்டுக்கும் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.

அதுவரை விண்ணப்பதாரிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ள வேண்டியவர்களாகவே உள்ளனர். வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளியாவது. அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதை மறுநாளே பார்க்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் சிங்கள மூலத்தைத் தெரிந்தவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது; முரண்பாடு ஏற்படின் சிங்கள வாசகமே மேலோங்கும் எனப் பல அறிவித்தல்களில் குறிப்பிடப்படுகிறது. தபாலுறையின் இடது மேல் மூலையில் பரீட்சையின் பெயரை எழுதுமாறு கூறப்பட்டிருந்தால் அதை எழுதாமல் விடக்கூடாது. விண்ணப்பத்தின் நிழற்பிரதி, கட்டணப் பற்றுச்சீட்டின் நிழற்பிரதி, பதிவுத் தபால் துண்டு ஆகிய மூன்றையும் ஓர் உறையிலிட்டு வைத்திருக்க வேண்டும். விண்ணப்பம் தபாலில் தொலைந்ததாக முறையிடுபவரிடம் திணைக்களம் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

நிரந்தர முகவரியும் அனுமதி அட்டை அனுப்பப்பட வேண்டிய முகவரியும் விண்ணப்பப் படிவத்தில் தனித்தனியே கேட்கப்பட்டிருந்தால், முதலாவதில் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழில் உள்ள தோட்ட முகவரியையே எழுத வேண்டும். அதில் மாற்றம் செய்தால் வதிவிடச் சான்று பொருந்தாது. இரண்டாவதில் தபால்காரர் நேரே வந்து செல்லும் நகரத்துக் கடையொன்றின் அல்லது உறவினர் வீட்டின் முகவரியை எழுதுவதில் தவறில்லை. தோட்டத்து இளைஞர்கள் பலர் ஏற்கெனவே அவ்வாறுதான் செய்கிறார்கள். அனுமதி அட்டைகள் அனுப்பப்பட்டதாகப் பத்திரிகையில் அறிவித்தல் வந்து இரண்டு, மூன்று நாட்களாகியும் அட்டை கிடைக்காவிட்டால், பரீட்சைத் திணைக்களத்தை உடனே தொடர்புகொண்டு, கையிலுள்ள பதிவுத் தபால் துண்டின் விபரத்தைத் தெரிவிக்க வேண்டும்.