தறியடியிற் கற்கும் கல்வி

கல்வி என்றதும் பள்ளிக்கூடமே நம் நினைவுக்கு வருகின்றது. ஆயின், பள்ளி தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே வீடு கற்பித்து வந்தது. பள்ளியை விடுத்து, பிள்ளை தன் விருப்பத்தையே வழியாகக் கொண்டு கற்றல் வேண்டும் என்னும் கொள்கையை அமெரிக்கரான யோன் ஹோல்ற் 1977ஆம் ஆண்டு தாம் தொடங்கிய இதழின் வாயிலாகப் பரப்பினார். அதனை ஆராய்தற்குக் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. கல்முனைக் கரையே போதும்.

கல்முனைக்கு வடக்கே உள்ள மருதமுனை, கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர். தறியுள்ள வீட்டிற் பிள்ளைக்குப் பாடவேளை என்று ஒன்றில்லை. முதலிற் பார்க்கின்றது, பின்னர் நூல் சுற்றுகின்றது, அறுந்த இழையை முடிகின்றது, கால் மிதியை எட்டும் பருவத்திலேயே தறியில் அமர்கின்றது. பாவிழைகளை எண்ணுங்கால் எண்ணும், கோடும் கட்டமும் அமைக்குங்கால் அளவும் கைவருகின்றன. பிழை நேரின் ஆசிரியர் சுட்ட வேண்டுவதில்லை, துணியே காட்டிவிடும். கிழக்கிலங்கை முஸ்லிம் மகளிர் பாடிவந்த கவிகளும் இங்ஙனமே ஏட்டிற் படித்தவையல்ல, கேட்டுப் பயின்றவை.

இதன் சிறப்பை உணர்ந்தே காந்தியடிகள் 1937ஆம் ஆண்டு வார்தாவில் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை வகுத்துரைத்தார். ஹோல்ற் பிள்ளையைப் பள்ளியினின்றும் வெளியே அழைத்தார். காந்தியடிகளோ தொழிலைப் பள்ளிக்குள் அழைத்தார். இவ்விரண்டனுள் நமக்கு ஏற்றது எது?

விருப்பம் கண்ட பொருளின்மேலேயே செல்லும். காணாத ஒன்றைப் பிள்ளை எங்ஙனம் விரும்பும்? தறியை மட்டும் கண்ட பிள்ளை தறியையே விரும்பும். வறுமை மிக்க வீட்டில் பெற்றோரின் தேவையே பிள்ளையின் விருப்பமெனத் தோன்றுதலும் கூடும். பெண் பிள்ளைக்கு இவ்விடர் இன்னும் பெரிது. இலங்கையில் 1945ஆம் ஆண்டு இலவசக் கல்வி வந்ததும், 1998 முதல் 5 வயது தொடங்கி 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்ட கல்வி 2016இல் 16 வயது வரை நீட்டப்பட்டதும் பிள்ளைக்கு வீட்டிற்கு அப்பாலும் ஓர் உலகைக் காட்டுதற்கேயாம்.

கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த விபுலானந்த அடிகள் இதற்குச் சான்றாவர். அவர்தம் தமிழ்ப் பற்றோடு கல்லூரியிற் பெற்ற அறிவியற் பயிற்சியும் சேர்ந்தமையாலன்றோ, பண்டை யாழைக் கணக்கால் ஆராயும் யாழ் நூல் 1947இல் வெளிவந்தது!

ஆகவே, வீட்டையும் பள்ளியையும் பகையாக்குதல் தகாது. தறியடியிலிருந்து வரும் மாணவனை ஏதுமறியாதவன் எனக் கருதும் ஆசிரியர், அவன் கைகளில் முன்னரே உள்ள கணிதத்தை இழக்கின்றார். அவன் அறிந்ததை வினவி, அங்கிருந்து பாடத்தைத் தொடங்குவாராயின், வீடு தந்த விருப்பமும் பள்ளி தரும் விரிவும் பாவும் ஊடையும்போல் ஒன்றுபடும்.